போர்க்கொடுமையை நையாண்டி செய்யும் குறும்படம்: வரலாற்றைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் வார இறுதிகளில் குறும்படம் எடுக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் இருக்கிறோம். அந்த வட்டத்தில் கேமரா பிடிப்பதும் நடிப்பதும் மற்றவர்கள் வேலை. திரைக்கதையில் வரலாறு தலைகாட்டும் இடத்தை எல்லாம் சரிபார்ப்பது என் வேலை. கடைசியாகப் பார்த்தது சயாம் மரண ரயிலைப் பற்றிய 24 நிமிட நையாண்டிப் படம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்து, சயாம் எனப்பட்ட தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை அது. அல்சூரில் ஒரு மொட்டைமாடியில் முதல் வாசிப்பு நடந்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்தால் ஆறு பக்கத்தில் பதினொரு தவறு. அதில் நான்கு சாதாரணத் தவறு இல்லை, செத்தவர்கள் தலையிலேயே பழியைக் கட்டிவிடுகிற தவறு.

புதிதாக வரும் குழுக்களும் அதே இடங்களில்தான் இடறுகின்றன. காரணம் அறியாமை என்று சொல்ல மாட்டேன். வேலையின் வரிசை மாறிவிடுகிறது. முதலில் சிரிப்பை எழுதிவிட்டு, உண்மையைப் பிறகு அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் செய்தால் மூன்று வாரத்தில் முடியும். உதாரணங்கள் பெரும்பாலும் சயாம் ரயிலிலிருந்து. வேறு போரை எடுத்தாலும் வரிசை இதுதான்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

அரைப் பக்கக் கதைச்சுருக்கம் போதும். முழுத் திரைக்கதை தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். வசனம் எழுதி முடித்தவருக்கு அதன் மேல் பாசம் வந்துவிடும். அப்புறம் ஒரு வரியை வெட்டச் சொன்னாலும் சண்டைதான்.

சரிபார்ப்பவர் இயக்குநராக இருக்கக் கூடாது. தன் காட்சிக்கு ஆதாரம் தேடுபவருக்குச் சாதகமானது மட்டுமே கண்ணில் படும்.

ஒரு கணக்குத்தாள் வேண்டும். கணினியில் இருந்தாலும் சரி, நோட்டுப் புத்தகமானாலும் சரி. ஐந்து பத்திகள்: காட்சி எண், அந்தக் காட்சி சொல்லும் செய்தி, ஆதாரம், நிறம், முடிவு. நிறம் எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும். இதோடு ஒரு வரைபடத்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

1. காலத்தையும் இடத்தையும் ஆணியடித்து நிறுத்துங்கள்

"இரண்டாம் உலகப் போர் காலம்" என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. எந்த ஆண்டு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த ஊர் என்று எழுதுங்கள். போர்க்காலத்தில் மூன்று மாத இடைவெளியில் அதிகாரம், பணம், பசி எல்லாமே மாறியிருக்கும்.

எங்கள் கதை 1943 மார்ச்சில் மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்கியது. இரண்டாம் காட்சியில் சிங்கப்பூரில் நேதாஜி பேசுவதை ரேடியோவில் கேட்டு ஒருவர் கைதட்டுவார். நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1943 ஜூலை தொடக்கத்தில். காட்சியைத் தள்ளிப் போடலாம், அல்லது தூக்கிவிடலாம். இதை முதல் நாளே பிடித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. படப்பிடிப்பு முடிந்தபின் பிடித்தால் ஒரு நாள் வாடகை போகும்.

முடிவு எங்கே என்பதிலும் இதே கவனம் வேண்டும். 1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளத்தின் இரு முனைகளும் சேர்ந்தன. உடனே எல்லோரும் வீட்டுக்குப் போனதாகப் படத்தை முடித்திருந்தார்கள். உண்மையில் பராமரிப்பு வேலைக்கென்று ஏராளமானவர்களை 1945 வரை அங்கேயே வைத்திருந்தார்கள். "வேலை முடிந்தது, ஆனால் வேலை முடியவில்லை" என்பது பிறகு எங்களுக்கு நல்ல வசனமாகவே கிடைத்தது.

2. சிரிப்புக்கு முன் உண்மைத்தாள்

ஒரே ஒரு பக்கம். யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், எப்படி, எத்தனை பேருக்கு, அப்போது அதற்கு என்ன காரணம் சொன்னார்கள். இந்த ஐந்தும் நிரம்பும் வரை யாரும் வசனம் எழுதக் கூடாது. எழுதினால் என்ன ஆகும் என்றால், சிரிப்புக்குத் தோதான எண் உண்மை எண்ணாக மாறிவிடும்.

எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான். தாய்லாந்தின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடக்கம். கடல்வழியாக ரங்கூனுக்குச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் ஜப்பானிய ராணுவத்துக்குத் தரைவழி தேவைப்பட்டது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம் அல்லது அதற்கும் மேல், இறந்தவர்கள் 90,000 வரை என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கைதிகளின் எண்ணிக்கை ஏன் நெருக்கமாகக் கிடைக்கிறது, தொழிலாளர்களின் எண்ணிக்கை ஏன் விரிந்து கிடக்கிறது? கைதிகளுக்குப் படைப்பிரிவும் எண்ணும் பெயர்ப்பட்டியலும் இருந்தன, அதிகாரிகள் ரகசியமாகக் குறிப்பும் வைத்தார்கள். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவரின் பெயரை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஆகவே "இத்தனை பேர்" என்று ஒற்றை எண்ணை வசனத்தில் வைக்காதீர்கள். எண் தெரியவில்லை என்பதையே காட்சியாக்குங்கள். எங்கள் படத்தில் ஒரு கிராணி, அதாவது கணக்குப் பிள்ளை, சிலிப்பர் கட்டைகளை ஒன்று விடாமல் எண்ணுவார். ஆட்களை எண்ணச் சொன்னால் "அதற்குப் படிவம் வரவில்லை" என்பார். படத்திலேயே நான் மிக அதிகம் நம்பிய காட்சி அது.

கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியங்களையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். "ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று எங்கள் சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். கட்டைக்குக் கட்டை முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்தாலே 415 கிலோமீட்டருக்கு 5 லட்சம் கட்டைக்கு மேல் ஆகிறது. இறந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. அப்படியானால் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு ஒருவர். சுவரொட்டியை மாற்றச் சொன்னதும், "உணர்ச்சி குறைந்துவிடும்" என்று முகத்தைத் தூக்கினார்கள். நான் எழுந்து அந்த மொட்டைமாடியில் நான்கு மீட்டர் நடந்து காட்டினேன். ஆறு எட்டு வைத்ததும் முடிந்துவிட்டது. பிறகு யாரும் பேசவில்லை. படத்திலும் அந்த ஆறு எட்டைத்தான் வைத்தார்கள்.

3. ஆதாரங்களைத் தரம் பிரியுங்கள்

எல்லா ஆதாரத்துக்கும் ஒரே எடை கிடையாது. நான் பயன்படுத்தும் வரிசை இது: அந்தக் காலத்து ஆவணம், அந்தக் காலத்துச் செய்தித்தாள், அனுபவித்தவர்களின் வாய்மொழி, பிற்கால ஆய்வு நூல், கடைசியாகத் திரைப்படம். திரைப்படத்தை ஆதாரமாக எடுக்கவே கூடாது, ஆனால் எல்லோரும் எடுப்பது அதைத்தான்.

இதே ரயில் பாதையை வைத்து 1957-ல் வந்த க்வாய் நதிப் பாலத்துப் படத்தையே (தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்) பாருங்கள். அதில் ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, ஆங்கிலேயக் கர்னல் வந்து கட்டித் தருவார். நிஜத்தில் ஜப்பானியப் பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பாலத்தைக் கட்டிய தமர்க்கான் முகாமில் கைதிகளுக்குத் தலைவராக இருந்த பிலிப் டூசி, வேலையைத் தாமதப்படுத்தவும் தன் ஆட்களைக் காப்பாற்றவும் பார்த்தவர். ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலவில். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாலம் இருந்த ஆற்றுக்கு மே க்லோங் என்றுதான் பெயர். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் க்வாய் எங்கே என்று கேட்டுக் கேட்டு, 1960-களில் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே மாற்றினார்கள். படத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர் முதல் நாள் கொண்டு வந்த "ஆராய்ச்சிக் குறிப்பு" முழுக்க அந்தப் படம்தான்.

பெங்களூருவில் உட்கார்ந்தபடியே நிறையப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசும், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால ஆங்கிலச் செய்தித்தாளும் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உண்டு, தமிழில் பேசியவையும் சேர்த்து. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்நாட்டுச் செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம். டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பல கோப்புகளைக் கணினியிலேயே படிக்கலாம். நினைவு நூல்களுக்குச் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் கால் வலிக்க நின்றால் பலன் உண்டு.

தேடும்போது எழுத்து விளையாட்டு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரை ஜப்பானியர்கள் ஷோனான் ஆக்கிவிட்டார்கள். 1943-ஆம் ஆண்டுச் செய்தியில் சிங்கப்பூர் என்று தேடினால் பாதி தப்பிவிடும். ஊர்ப்பெயர்களின் அந்தக் கால வடிவங்களைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இன்னொன்று, ஆவணங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தவை. நாட்குறிப்பு எழுதியவர்கள் பெரும்பாலும் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்கள். அதைப் படித்துவிட்டு எழுதினால் படத்தில் தமிழர்கள் பின்னணியில் முனகும் கூட்டமாகத்தான் வருவார்கள். எங்கள் முதல் வரைவில் பெயருள்ள தமிழ்ப் பாத்திரம் ஒருவர்தான், அவரும் மூன்றாம் நிமிடத்தில் இறந்துவிடுவார். ஆதாரத்தின் சாய்வு அப்படியே கதையில் இறங்கியிருந்தது. வாய்மொழிப் பதிவுகளைக் கேட்ட பிறகுதான் அது மாறியது.

வாய்மொழியை நம்பலாமா என்று கேட்பார்கள். எதற்கு நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. தேதிக்கும் எண்ணிக்கைக்கும் அது பலவீனம். பசி, பயம், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட வலுவானது வேறு இல்லை. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதை சில நினைவுகளில் வருகிறது. இதை நாங்கள் ஒரு பாத்திரம் இன்னொருவரிடம் சொல்வதாக மட்டும் வைத்தோம், நேரடிக் காட்சியாக எடுக்கவில்லை. ஆதாரம் வாய்மொழியாக இருந்தால் படத்திலும் அது வாய்மொழியாகவே இருக்கட்டும்.

4. கொடுமை செய்தவர்களின் சொற்களைத் திரட்டுங்கள்

நையாண்டிக்கு இதைவிட நல்ல சுரங்கம் கிடையாது. அதிகாரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமையை அப்படியே எடுத்து, பக்கத்தில் நடந்ததை வைத்தாலே போதும். நாமாக இட்டுக்கட்ட வேண்டிய தேவை பாதியாகக் குறையும். இட்டுக்கட்டியது குறைந்தால் சரிபார்க்க வேண்டியதும் குறையும்.

எங்களுக்குக் கிடைத்தவை சில. ஆக்கிரமித்த மலாயாவில் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். நாட்காட்டியில் 1942 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2602 ஆனது. அச்சடித்த பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம், அதனால் ஊரில் அதற்கு வாழைமர நோட்டு என்று பெயர். போர் முடிந்ததும் அது வெறும் காகிதம். சயாமுக்கு வந்தால் ஒரு நாளைக்கு ஒரு டாலர் கூலி என்று ஆசை காட்டியது இந்தக் காசில்தான்.

இதை வைத்து எங்கள் ஆள் எழுதிய காட்சி: தோட்டத்து முதியவர் ஒருவர், "இப்போ மணி என்னங்க?" என்று கேட்பார். "தோக்கியோவில் விடிந்துவிட்டது, நீ ஏன் இன்னும் இருட்டில் நிற்கிறாய்?" என்று அதிகாரி அதட்டுவார். ஒரு பொய் கூட இல்லை, ஆனால் சிரிப்பு வருகிறது. சிரித்த பிறகு தொண்டையில் ஏதோ நிற்கிறது.

இன்னொரு கண்டெடுப்பு: 1944-ல், போர் முடியும் முன்பே, ஜப்பானிய ராணுவமே தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்த க்வாய் பாலத்துக்கு அருகே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் உள்ள மொழிகளில் தமிழும் உண்டு. அதே ஊரின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு கிடக்கிறார்கள். தமிழருக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை, தமிழுக்கு மட்டும் கல்வெட்டு கிடைத்தது. இதற்கு மேல் நையாண்டி எழுத்தாளன் என்ன செய்துவிட முடியும்?

இங்கே வரும் தவறு, ஒரு பக்கத்தை மட்டும் தோண்டுவது. தோட்டத்துத் துரைகள் 1942-ல் தொழிலாளர்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனதும் உண்டு. போருக்குப் பின் பிரிட்டன் அந்தத் தண்டவாளத்தைத் தாய்லாந்து அரசுக்கு விற்றதும் உண்டு. உண்மைத்தாளில் இவற்றுக்கும் இடம் கொடுங்கள்.

5. ஒவ்வொரு காட்சிக்கும் நிறம் கொடுங்கள்

இப்போது திரைக்கதை எழுதலாம். எழுதிய ஒவ்வொரு காட்சியும் சொல்லும் செய்தியைத் தாளில் இறக்கி, நிறம் கொடுங்கள்.

சிவப்பு என்றால் கைவைக்கக் கூடாதது. யார் கொன்றார்கள், யார் செத்தார்கள், எதனால் செத்தார்கள், எவ்வளவு பெரிய அளவில், எது முன் எது பின். மஞ்சள் என்றால் சுருக்கலாம், சேர்க்கலாம். மூன்று அதிகாரிகளை ஒருவராக்கலாம், எட்டு மாதத்தை எட்டு நிமிடமாக்கலாம். பச்சை முழுக் கற்பனை.

மஞ்சளுக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்டாலின் மரணத்தை வைத்து 2017-ல் வந்த நையாண்டிப் படத்தில், அவருடைய ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியாவின் வீழ்ச்சி இறுதிச்சடங்கோடு ஒட்டி நடந்து முடிந்துவிடும். நிஜத்தில் ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச், பெரியா கைதானது ஜூன், சுட்டுக் கொல்லப்பட்டது டிசம்பர். காலம் சுருங்கியது, ஆனால் யார் யாரை ஏன் ஒழித்தார்கள் என்பது பெரிதும் மாறவில்லை. அதனால் அது எனக்கு மஞ்சள். அதே சுருக்கலில் குற்றவாளி மாறியிருந்தால் சிவப்பு.

பெயர் சொல்வதும் சொல்லாததும் ஒரு முடிவுதான். 1997-ல் வந்த இத்தாலியப் படத்தில், அப்பா தன் மகனுக்கு வதைமுகாமை விளையாட்டு என்று சொல்லி ஏமாற்றுவார். கடைசியில் அமெரிக்க டாங்கி வரும். அந்த முகாமை ஆஷ்விட்ஸ் என்று எடுத்துக்கொண்டு, ஆஷ்விட்ஸை விடுவித்தது சோவியத் படை, அதனால் படம் தவறு என்று பலர் வாதிடுவார்கள். படம் முகாமுக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் வைத்தால் அந்த இடத்தின் எல்லா உண்மைக்கும் நீங்கள் பொறுப்பு. பெயர் வைக்காவிட்டால் கற்பனைக்கு இடம் கிடைக்கும், ஆனால் பார்ப்பவர் தனக்குத் தெரிந்த பெயரைத் தானே ஒட்டிக்கொள்வார். இரண்டில் எது என்று எழுத்தில் முடிவெடுங்கள்.

படம் எந்த ஆண்டில் நின்று பேசுகிறது என்பதும் நிறத்தை மாற்றும். சாப்ளின் 1940-ல் ஹிட்லரைப் பகடி செய்து படம் எடுத்தார். முகாம்களின் உண்மைக் கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அப்படி எடுத்திருக்க முடியாது என்று 1964-ல் வந்த தன் வரலாற்றில் அவரே எழுதினார். தெரியாத காலத்தில் எடுத்தவருக்குக் கிடைக்கும் சலுகை, எல்லாம் தெரிந்த பிறகு எடுக்கும் நமக்குக் கிடையாது.

பச்சையில்தான் பெரிய குழி. கற்பனை என்றால் பார்த்ததுமே கற்பனை என்று தெரிய வேண்டும். பாதி நம்பும்படி இருந்தால் ஆபத்து. எங்கள் வரைவில் "ஆளுக்கு ஒரு நாளைக்கு 212 அரிசி மணி" என்று ஓர் உத்தரவை அதிகாரி படிப்பார். வேடிக்கைதான், ஆனால் நான்கு பேரிடம் காட்டினால் மூன்று பேர் அதை நிஜ ஆவணம் என்று நம்பிவிட்டார்கள். நாளை யாராவது "அப்படி ஓர் உத்தரவே இல்லை" என்று நிரூபித்தால், மற்ற உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். நடக்காத கொடுமையைச் சேர்ப்பது, நடந்த கொடுமையை மறுப்பவருக்கு நாமே கொடுக்கும் கைப்பிடி.

அதை எப்படிச் சரிசெய்தோம் என்றால், கற்பனையைக் குறைக்கவில்லை, கூட்டினோம். அதிகாரி காலராவுக்கு வேலை நியமன உத்தரவு கொடுத்து, சால்வை போர்த்தி, மேஸ்திரியாக்குவார். இதை யாரும் ஆவணம் என்று நினைக்க மாட்டார்கள். அதோடு, 1943 மழைக்காலத்துக் காலராச் சாவுகள் இயற்கையாக வந்தவை என்ற சாக்கும் உடைகிறது. மருந்தும் கழிப்பிடமும் நல்ல தண்ணீரும் இல்லாத இடத்தில் பட்டினி ஆட்களை அடைத்தவர்கள்தான் நோய்க்கு வேலை கொடுத்தார்கள்.

6. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்

காட்சி காட்சியாக, சிரிப்பு வரும் இடத்தில் யார் பெயரை எழுதலாம் என்று கேட்டு எழுதுங்கள். பட்டினி கிடப்பவரின் உடல், வாந்தி, பயத்தில் உளறுவது, இவற்றின் மேல் விழுந்தால் வெட்டுங்கள். அதிகாரத்தின் தர்க்கம், படிவம், பேச்சு, இவற்றின் மேல் விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நகைச்சுவைப் பழக்கம் இங்கே காலை வாரும். ஜப்பானியர் என்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "சிங் சாங்" என்று பேசுவது எங்கள் நடிகருக்குத் தானாக வந்தது. சிரிப்பு கொடுமையிலிருந்து நழுவி இனத்தின் மேல் போய் விழுந்தது. தவிர, முகாம் காவலர்களில் பலர் கொரியர்கள், ஜப்பானின் ஆட்சிக்குக் கீழே தாங்களும் நசுங்கியவர்கள். அடிவாங்கியவன் இன்னொருவனை அடிப்பது என்ற செய்தி, பொத்தாம்பொதுவாக "ஜப்பான்காரன்" என்றால் காணாமல் போய்விடும்.

தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி பாத்திரமும் அப்படித்தான். வில்லனாக்கினால் எளிது, தியாகியாக்கினால் அதைவிட எளிது. ஆள் பிடித்துக் கொடு, இல்லை நீ வா என்ற நெருக்கடியில் நின்றவர்கள் இருந்தார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஒருவரைக் காட்டுகிறீர்கள் என்றால் எந்த வகை என்று தாளில் எழுதுங்கள்.

7. பொருள், உடை, ஒலி

இதில் பொழுதைப் போக்காதீர்கள். புதியவர்கள் பட்டனுக்கு மூன்று நாள் செலவழிப்பார்கள், செத்தவர்களின் எண்ணுக்கு மூன்று நிமிடம். முக்கியமானவை மட்டும் சொல்கிறேன்.

பெங்களூருக்காரர்கள் தோட்டம் என்றதும் குடகுக்கு வண்டி எடுப்பார்கள். அங்கே இருப்பது காப்பி. பால் வெட்டும் ரப்பர் மரம் வேண்டும் என்றால் சுள்ளியா, புத்தூர் பக்கம் போங்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்க்கின்றன. பால் வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று எங்கள் நடிகருக்குக் கற்றுக்கொடுத்தது அங்கிருந்த ஓர் அக்காதான்.

சயாம் பாதை மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்தான். நம் ஊர் அகலப்பாதையில் நிற்க வைத்து எடுத்தால், தெரிந்தவர் கண்ணை உறுத்தும். தண்டவாளத்தின் நெருக்கமான காட்சி மட்டும் போதுமென்றால் மைசூரு ரயில் அருங்காட்சியகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

பாட்டில் கவனம். 1943 காட்சியில் ஒருவர் "மன்மத லீலையை" முணுமுணுத்தார். அந்தப் பாட்டு உள்ள ஹரிதாஸ் படம் வந்ததே 1944 தீபாவளிக்கு.

பேச்சுத் தமிழ் மதுரையாகவும் வேண்டாம், பெங்களூருவாகவும் வேண்டாம். துரை, கிராணி, கங்காணி, லயம், பால் மரம் என்ற தோட்டத்துச் சொற்கள் சரியாக விழுந்தால் உச்சரிப்பில் சின்னக் குறை இருந்தாலும் ஒப்பேறும்.

8. மூன்று பேரிடம் படித்துக் காட்டுங்கள்

படப்பிடிப்புக்கு முன் இது கட்டாயம். இந்த வரலாறு எதுவும் தெரியாத ஒருவர், நன்றாகத் தெரிந்த ஒருவர், குடும்பத்தில் யாரோ சயாமுக்குப் போய்வந்த அல்லது திரும்பாத ஒருவர். மூவரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். மூன்றாமவர் முன்னால் மற்ற இருவரும் சிரிக்கத் தயங்குவார்கள்.

"நன்றாக இருந்ததா?" என்று கேட்பதில் பயன் இல்லை, எல்லோரும் ஆமாம் என்பார்கள். தெரியாதவரிடம் "என்ன நடந்தது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்வதை உண்மைத்தாளோடு ஒப்பிடுங்கள். எங்களிடம் ஒருவர், "நோய் வந்து நிறையப் பேர் செத்துட்டாங்க, பாவம்" என்றார். காலராக் காட்சியை அதற்குப் பிறகுதான் மாற்றி எழுதினோம்.

லிங்கராஜபுரத்தில் ஒரு பாட்டியிடம் போனோம். அவருடைய பெரியப்பா மலாயாவில் தோட்டத்தில் இருந்தவர், சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "சிரிக்கறதுல தப்பில்ல தம்பி. அவங்களும் அங்க சிரிச்சுத்தான் இருப்பாங்க. அந்த ஆளுக்கு மட்டும் ஒரு ஊர்ப்பேரு வை" என்றார். நாயகனுக்கு ஊர் இல்லாததை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. தாளில் "ஊர்" என்று ஒரு பத்தி சேர்த்தேன்.

ஈழப் போர் போல அண்மையில் நடந்ததை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள், உறவினர்கள் இன்னும் அந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். ஆதாரம் தந்தவரின் பெயரைத் தாளில் கூட முழுதாக எழுதாதீர்கள். இந்த ஒரு படியில் துல்லியத்தைவிட அவர்கள் பாதுகாப்பு முந்தும்.

9. எடிட் முடிந்ததும் மறுபடி தாளை எடுங்கள்

எல்லோரும் தவறவிடும் படி இது. திரைக்கதையில் சரியாக இருந்தது எடிட்டில் தவறாகிவிடும். காட்சிகளை முன்பின் மாற்றினால் காரணமும் விளைவும் இடம் மாறும். எங்களுக்கு ஒரு காவலர் அடிக்கும் காட்சி நீளத்துக்காகப் போய்விட்டது. மிச்சமிருந்ததில் தொழிலாளி தானே தடுக்கி விழுந்து சாவதுபோல் ஆகிவிட்டது. நான்கு நொடியைத் திரும்பச் சேர்த்தோம்.

சப்டைட்டிலையும் பாருங்கள். "சுமார்", "வரை", "மேல்" போன்ற சொற்களைத்தான் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவார்கள். அவை போனால் மதிப்பீடு தீர்ப்பாகிவிடும்.

இறுதி அட்டையில் "உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்" என்று மட்டும் போடாதீர்கள். எது உண்மை என்று அது சொல்வதே இல்லை. நாங்கள் போட்டது நான்கு வரி: அதிகாரியும் கிராணியும் கற்பனை. கடிகாரம், நாட்காட்டி, நோட்டு, நினைவுத்தூண் உண்மை. லாரிக் கதை வாய்மொழி. இறந்தவர்களின் எண்ணிக்கை மதிப்பீடு, முழுப் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.

வெளியிட்ட பிறகும் தாளை அழிக்காதீர்கள். கேள்வி வரும், வரிசை எண்ணைச் சொல்லிப் பதில் தரலாம். எங்களிடம் ஒருவர், அந்த வாழைமர நோட்டு படத்தில் இருப்பதைவிடப் பெரியது என்று சுட்டிக்காட்டினார். 38-ஆம் வரிசையில் ஆதாரப் பத்தி காலியாக இருந்தது. இன்னும் நிரப்பவில்லை.